அத்தியாயம் 6: ஐந்தாவது பாரில் ஓர் அரைச்சுரம்

ஐந்தாவது ஃபிரெட்டில் விரல் வைத்து, புளூஸின் ஐந்து சுரங்களை மேலும் கீழும் வாசிக்கப் பழகுவதற்கு ஒரு வாரம் போதும். அதன் பிறகு பலர் அந்த ஒரே பெட்டிக்குள் வருடக்கணக்கில் சுற்றி வருகிறார்கள். வேகம் கூடுகிறது, விரல் சுத்தமாகிறது. ஆனாலும் கேட்பவருக்குப் பாட்டு எங்கும் நகர்ந்ததாகத் தெரிவதில்லை. குறை விரலில் இல்லை. பின்னால் கார்டு மாறிக்கொண்டே இருக்கிறது. வாசிப்பவரோ அதைக் காதில் வாங்காமல் தன் ஸ்கேலை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போவது ஒரே வேலை. பன்னிரண்டு பார் புளூஸில், ஐந்தாவது பார் தொடங்கும் இடத்தில் ஒரு சுரம் அரைச்சுரம் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தைக் காதால் பிடித்து விரலால் தொடப் பழகுவோம். புளூஸ் சோலோவுக்கு உருவம் கிடைப்பது அங்கேதான். ஜாஸுக்குள் போகும் வாசலும் அதுவே.

ஏ7, டி7, ஈ7 ஆகிய மூன்று கார்டுகளை உங்களுக்குப் பிடிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு மெட்ரோனோமும் ஒலிப்பதிவு செய்ய ஒரு செல்போனும் தேவை. இந்நூலில் மெல்லிய கம்பியை முதல் கம்பி என்றும் தடித்ததை ஆறாவது கம்பி என்றும் சொல்லி வருகிறோம்.

1. முதலில் வடிவம் மனதில் பதியட்டும்

ஏ சுருதியில் பன்னிரண்டு பார் புளூஸ் இப்படிப் போகும்:

பார் 1 முதல் 4 வரை: ஏ7
பார் 5, 6: டி7
பார் 7, 8: ஏ7
பார் 9: ஈ7
பார் 10: டி7
பார் 11: ஏ7
பார் 12: ஈ7

ஒவ்வொரு பாருக்கும் நான்கு பீட். மொத்தம் 48 பீட் முடிந்ததும் மறுபடி முதல் பாருக்கு வருகிறோம்.

இந்த வடிவம் பாட்டிலிருந்து வந்தது. புளூஸ் பாடகர் முதல் அடியைப் பாடுகிறார். அதையே இரண்டாம் முறையும் பாடுகிறார். மூன்றாவதாக அதற்கு ஒரு முடிவு சொல்கிறார். ஒவ்வொரு அடிக்கும் நான்கு பார் இடம் உண்டு. பாட்டு ஏறக்குறைய இரண்டு பாரில் முடிந்துவிடும். மீதி இரண்டு பார் வாத்தியத்தின் பதிலுக்கு. பி.பி. கிங் இதைத் தன் வழியாகவே வைத்துக்கொண்டார். பாடும்போது கிட்டாரை நிறுத்திவிடுவார். பாடி முடித்ததும் லூசில் என்று அவர் பெயரிட்டு அழைத்த கிட்டார் பதில் சொல்லும். 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்த ‘லைவ் அட் தி ரீகல்’ இசைத்தட்டைக் கேளுங்கள். எங்கே பாட வேண்டும், எங்கே வாசிக்க வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்ற மூன்று பாடங்களும் அதில் இருக்கின்றன.

பயிற்சி 1: கிட்டாரைத் தொடாதீர்கள். ஏதாவது ஒரு பன்னிரண்டு பார் புளூஸ் பாட்டை ஓடவிட்டு, கால் தட்டியபடி பாரை எண்ணுங்கள். கார்டு மாறும் ஒவ்வொரு முதல் பீட்டிலும் “ஒன்று”, “நான்கு”, “ஐந்து” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏ7தான் ஒன்று, ஏ-யிலிருந்து எண்ணினால் டி நான்காவது, ஈ ஐந்தாவது. எண்ணாமலே மாற்றம் வரப்போவது உடம்புக்குத் தெரியும்வரை இதைச் செய்யுங்கள்.

பயிற்சி 2: மெட்ரோனோமை 80-ல் வைத்து, இந்தப் பன்னிரண்டு பாரையும் நீங்களே கார்டு வாசித்து ஐந்து சுற்று பதிவு செய்யுங்கள். இனி வரும் பயிற்சிகளுக்கு இதுவே உங்கள் பின்னணி. யாரோ தயாரித்த பேக்கிங் டிராக்கைவிட இது மேல். கார்டு மாறும் இடம் ஏற்கெனவே உங்கள் கை அறிந்ததாக இருக்கும்.

2. ஐந்து சுரம், ஆனால் உயிரோடு

ஏ மைனர் பென்டாடோனிக்கின் சுரங்கள் ஏ, சி, டி, ஈ, ஜி. ஐந்தாவது ஃபிரெட்டில் அவை அமையும் இடங்கள்:

ஆறாவது கம்பி: 5, 8
ஐந்தாவது கம்பி: 5, 7
நான்காவது கம்பி: 5, 7
மூன்றாவது கம்பி: 5, 7
இரண்டாவது கம்பி: 5, 8
முதல் கம்பி: 5, 8

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஏ-யை ஸட்ஜமாக வைத்தால் இது சுத்த தன்யாசியின் சுரவரிசை. ஆகவே சுரங்களைப் பாடிப் பார்ப்பது உங்களுக்கு எளிது. ஆனால் ஒற்றுமை சுரவரிசையோடு நிற்கிறது. இங்கே சுரத்தை வளைக்கும் முறை வேறு, அதன் அடியில் கார்டு நகர்வதும் வேறு. அதைக் கற்க புளூஸ் இசைத்தட்டுகளிடம்தான் போக வேண்டும்.

இந்த வரிசையில் ஒரு சுரத்தைத் தனியாகக் கவனியுங்கள். நாம் வாசிப்பது சி. ஆனால் ஏ7 கார்டுக்குள் இருப்பது சி ஷார்ப். இரண்டும் உரசுகின்றன. புளூஸின் ஏக்கமும் எரிச்சலும் பெரிதும் இந்த உரசலில் பிறக்கின்றன. பழகியவர்கள் சி-யை அப்படியே விடமாட்டார்கள். கம்பியைச் சற்றே தள்ளி, சி-க்கும் சி ஷார்ப்புக்கும் நடுவே ஓர் இடத்தில் நிறுத்துவார்கள். மூன்றாவது கம்பி ஐந்தாவது ஃபிரெட்டில் இதைச் செய்து பாருங்கள். கம்பியை மிகக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

முழுச்சுரம் ஏற்றும் பெண்டுக்கு அளவுகோல் உங்கள் காது. இரண்டாவது கம்பியின் ஐந்தாவது ஃபிரெட்டை ஒலிக்கவிடுங்கள். அது ஈ. இப்போது மூன்றாவது கம்பியின் ஏழாவது ஃபிரெட்டில் உள்ள டி-யை அந்த ஈ-க்குச் சமமாக வரும்வரை தள்ளுங்கள். மோதிர விரல் தள்ள, நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதன் பின்னால் முட்டுக்கொடுக்க வேண்டும். அகூஸ்டிக் கிட்டாரில் மூன்றாவது கம்பி பெரும்பாலும் சுற்றுக்கம்பியாக இருப்பதால் இவ்வளவு வளையாது. அதில் ஏழிலிருந்து ஒன்பதாவது ஃபிரெட்டுக்கு ஸ்லைடு செய்து அதே ஈ-யை அடையலாம்.

வைப்ரேட்டோவை அவசரமில்லாமல் கற்றுக்கொள்ளுங்கள். பி.பி. கிங்கின் உறவினரான புக்கா வைட், ஸ்லைடு வைத்து வாசிப்பவர். அந்த நடுங்கும் ஒலியை வெறும் விரலால் கொண்டுவர முயன்றதில்தான் கிங்கின் வைப்ரேட்டோ உருவானது. ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து, மெட்ரோனோமின் ஒவ்வொரு பீட்டுக்கும் மூன்று அசைவு என்ற கணக்கில் மணிக்கட்டால் அசையுங்கள். ஒழுங்கு கைக்கு வந்த பிறகு மெட்ரோனோமை நிறுத்திவிடலாம்.

3. ஐந்தாவது பார்

இப்போது அத்தியாயத்தின் மையத்துக்கு வருகிறோம். மூன்று கார்டுகளின் சுரங்களையும் அடுக்கிப் பாருங்கள்.

ஏ7: ஏ, சி ஷார்ப், ஈ, ஜி
டி7: டி, எஃப் ஷார்ப், ஏ, சி
ஈ7: ஈ, ஜி ஷார்ப், பி, டி

ஒரு கார்டை அடையாளம் காட்டுவது அதன் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும்தான். மூன்றாம் சுரம் கார்டின் குணத்தைச் சொல்கிறது. ஏழாம் சுரம் அதை அடுத்த கார்டை நோக்கி இழுக்கிறது. ஏ7-க்கு அவை சி ஷார்ப், ஜி. டி7-க்கு எஃப் ஷார்ப், சி. ஏ7-லிருந்து டி7-க்குப் போகும்போது சி ஷார்ப் அரைச்சுரம் இறங்கி சி ஆகிறது. ஜி அரைச்சுரம் இறங்கி எஃப் ஷார்ப் ஆகிறது. ஈ7-க்கு இதற்கு நேர்மாறாக இரண்டும் அரைச்சுரம் ஏறுகின்றன.

இதைக் கிட்டாரின் நடுவிலுள்ள இரண்டே கம்பிகளில் வாசித்துவிடலாம்.

ஏ7: நான்காவது கம்பி 5, மூன்றாவது கம்பி 6
டி7: நான்காவது கம்பி 4, மூன்றாவது கம்பி 5
ஈ7: நான்காவது கம்பி 6, மூன்றாவது கம்பி 7

டி7-க்கு ஒரு ஃபிரெட் கீழே, ஈ7-க்கு ஒரு ஃபிரெட் மேலே. பன்னிரண்டு பாரின் முழு நகர்வும் இந்த மூன்று ஃபிரெட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

பயிற்சி 3: உங்கள் பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு பாரின் முதல் பீட்டிலும் மூன்றாவது கம்பிச் சுரத்தை மட்டும் வாசியுங்கள். வேறெதுவும் வேண்டாம். அடுத்த சுற்றில் நான்காவது கம்பிச் சுரத்தை மட்டும் வாசியுங்கள். மூன்றாவது சுற்றில் இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். நான்காவது சுற்றில் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, அதே சுரங்களைப் பாடுங்கள். பாட வராத சுரம் இன்னும் உங்களுடையதாகவில்லை.

பயிற்சி 4: ஒரு சிறு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, கார்டு மாறும்போது அதில் தேவையான சுரத்தை மட்டும் மாற்றுங்கள்.

ஏ7 மேல்: ஈ, சி ஷார்ப், ஏ. இரண்டாவது கம்பி 5, மூன்றாவது கம்பி 6, நான்காவது கம்பி 7.
டி7 மேல்: ஈ, சி, ஏ. இரண்டாவது கம்பி 5, மூன்றாவது கம்பி 5, நான்காவது கம்பி 7.
ஈ7 மேல்: ஈ, டி, ஜி ஷார்ப். இரண்டாவது கம்பி 5, மூன்றாவது கம்பி 7, நான்காவது கம்பி 6.

முதல் இரண்டு பாரில் வாக்கியம், மூன்றிலும் நான்கிலும் மௌனம். ஐந்திலும் ஆறிலும் டி7 வாக்கியம், ஏழிலும் எட்டிலும் மௌனம். ஒன்பதாவது பாரில் ஈ7 வாக்கியம், பத்தில் டி7 வாக்கியம், பதினொன்றில் மீண்டும் ஏ7 வாக்கியம். பன்னிரண்டாவது பார் மௌனம். வாக்கியத்தின் தாளத்தை நீங்கள் விரும்பியபடி அமையுங்கள். ஆனால் ஒரு சுற்றுக்குள் அதை மாற்ற வேண்டாம். ஏற்கெனவே கேட்ட வாக்கியம் திரும்பி வரும்போது அதில் ஒரே ஒரு சுரம் மாறியிருப்பதைக் கேட்பவரின் காது உடனே உணர்ந்துகொள்ளும். மௌனமாக இருக்கும் பார்களில் கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்து வாசிக்கப்போவது அந்த இடைவெளியில்தான் மனதில் உருவாகிறது.

இதற்குப் பிறகு ஏ மேஜர் பென்டாடோனிக்கைச் சேர்த்துக்கொள்ளலாம். ஏ, பி, சி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப். மோகனத்தின் சுரவரிசை இது. முதல் நான்கு பாரில் இதை வாசித்து, ஐந்தாவது பார் வந்ததும் மைனர் பென்டாடோனிக்குக்கு மாறுங்கள். மேஜர் வரிசையில் சி ஷார்ப் இருக்கிறது, மைனர் வரிசையில் சி இருக்கிறது. ஆகவே அதே அரைச்சுர இறக்கம் தானாகவே நிகழ்ந்துவிடும். கிங்கின் சோலோக்களில் இனிமையும் கசப்பும் மாறி மாறி வருவதாகத் தோன்றினால், இந்த இரண்டு வரிசைகளும் அங்கே கலந்து வருவது முக்கியமான ஒரு காரணம்.

4. அதே அரைச்சுரம் ஜாஸில்

சார்லி கிறிஸ்டியன் ஓக்லஹோமா சிட்டியில் வளர்ந்தவர். 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார். 1942-ல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 25. இந்தக் குறுகிய காலத்துக்குள் எலெக்ட்ரிக் கிட்டாரைச் சாக்ஸபோனுக்கும் டிரம்பெட்டுக்கும் இணையாகச் சோலோ வாசிக்கும் வாத்தியமாக நிலைநிறுத்திவிட்டார். அவருடைய வாசிப்பு கார்டு பிடிக்கும் வடிவங்களிலிருந்தே கிளம்புகிறது. கை எந்தக் கார்டின் வடிவத்தில் இருக்கிறதோ, அதன் சுரங்களையும் அவற்றுக்கு இடையிலுள்ள சுரங்களையும் கோத்துக்கொண்டே போவார். நீங்கள் மூன்றாம் பகுதியில் செய்தது இதன் முதல் படி.

ஜாஸ் கலைஞர்கள் புளூஸை அதிகமாக வாசிப்பது எஃப், பி ஃபிளாட் சுருதிகளில். சாக்ஸபோன், டிரம்பெட் போன்ற ஊதுவாத்தியங்களுக்கு அவை வசதி. எஃப் சுருதியில் ஜாஸ் புளூஸின் பரவலான வடிவம் இது:

பார் 1 முதல் 4 வரை: எஃப்7, பி ஃபிளாட்7, எஃப்7, எஃப்7
பார் 5, 6: பி ஃபிளாட்7, பி டிமினிஷ்டு
பார் 7, 8: எஃப்7, டி7
பார் 9, 10: ஜி மைனர்7, சி7
பார் 11, 12: எஃப்7-டி7, ஜி மைனர்7-சி7, இங்கே ஒரு கார்டுக்கு இரண்டு பீட்

கார்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். எட்டாவது பாரிலிருந்து நான்காவது கம்பியை மட்டும் பின்தொடருங்கள். டி7-ன் மூன்றாம் சுரம் எஃப் ஷார்ப், நான்காவது ஃபிரெட். ஜி மைனர்7-ன் ஏழாம் சுரம் எஃப், மூன்றாவது ஃபிரெட். சி7-ன் மூன்றாம் சுரம் ஈ, இரண்டாவது ஃபிரெட். எஃப்7-ன் ஏழாம் சுரம் ஈ ஃபிளாட், முதல் ஃபிரெட். நான்கு கார்டுகளுக்கு நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று படியிறங்கினால் போதும். ஐந்தாவது பாரில் ஒருமுறை கேட்ட அந்த அரைச்சுர இறக்கத்தை ஜாஸ் இங்கே தொடர்ந்து மூன்று முறை நிகழ்த்துகிறது.

ஆறாவது பாரிலும் இப்படி ஒரு நுட்பம் உண்டு. பி ஃபிளாட்7-ல் பி ஃபிளாட், டி, எஃப், ஏ ஃபிளாட். பி டிமினிஷ்டில் பி, டி, எஃப், ஏ ஃபிளாட். அடிச்சுரம் மட்டும் அரைச்சுரம் ஏறியிருக்கிறது.

பயிற்சி 5: எட்டு முதல் பதினொன்று வரையுள்ள பார்களைத் தனியாகச் சுழலவிட்டு, ஒவ்வொரு முதல் பீட்டிலும் அந்த நான்கு சுரங்களைத் தொடுங்கள். பிறகு இரண்டு சுரங்களுக்கு நடுவேயுள்ள பீட்டுகளை அந்தந்தக் கார்டின் சுரங்களால் நிரப்புங்கள். முதல் பீட்டில் நிற்கும் சுரம் மட்டும் மாறக் கூடாது.

பயிற்சி 6: இலக்குச் சுரத்தைச் சுற்றி வந்து அடையுங்கள். எஃப்7-ன் மூன்றாம் சுரமான ஏ, மூன்றாவது கம்பியின் இரண்டாவது ஃபிரெட்டில் இருக்கிறது. அதற்கு முன்னால் மூன்றாவது ஃபிரெட்டின் பி ஃபிளாட்டையும், அடுத்து முதல் ஃபிரெட்டின் ஜி ஷார்ப்பையும் தொட்டுவிட்டு, சரியாக முதல் பீட்டில் ஏ-யில் இறங்குங்கள். மூன்றே சுரங்களில் ஜாஸின் வாசனை வந்துவிடும். சார்லி பார்க்கர் 1945-ல் பதிவு செய்த ‘நவ்ஸ் தி டைம்’, ‘பில்லிஸ் பவுன்ஸ்’ இரண்டும் எஃப் சுருதி புளூஸ்தான். அவற்றின் மெட்டைக் கிட்டாரில் கற்றுக்கொண்டால், இப்படிச் சுற்றி வந்து இறங்கும் வித்தை கைக்குள் வந்துவிடும்.

தாளத்தைப் பற்றி ஒன்று. ஸ்விங்கில் ஒரு பீட்டுக்கு இரண்டு சுரம் வாசிக்கும்போது முதலாவது நீளம், இரண்டாவது குறுக்கம். மிதமான வேகத்தில், பீட்டை மூன்றாகப் பிரித்து முதல் சுரத்துக்கு இரண்டு பங்கும் அடுத்ததற்கு ஒரு பங்கும் கொடுங்கள். வேகம் கூடக்கூட இரண்டும் ஏறக்குறையச் சமமாகிவிடும். மெட்ரோனோமை 50-ல் வைத்து, அதன் ஒவ்வொரு தட்டும் இரண்டாவது, நான்காவது பீட்டில் விழுவதாகக் கொண்டு வாசியுங்கள். ஒன்றும் மூன்றும் உங்கள் பொறுப்பு. முதல் சில நாள் தடுமாற்றமாக இருக்கும். பழகிய பிறகு வேறு மாதிரி வைத்து வாசிக்கவே மனம் வராது.

5. இசைத்தட்டே ஆசிரியர்

இண்டியானாபொலிஸ் நகரத்தின் வெஸ் மாண்ட்கோமரி, சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டு அவருடைய சோலோக்களைக் காதாலேயே கற்றார். அந்தச் சோலோக்களை வாசித்தே ஒரு கிளப்பில் வேலையும் கிடைத்தது. நோட்டேஷன் படிக்க அவருக்குத் தெரியாது. பிக் வைத்துக்கொள்ளாமல் கட்டைவிரலால் வாசித்தார். ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து வாசிக்கும் ஆக்டேவ் முறை அவருடைய அடையாளமாயிற்று. 1960-ல் வெளிவந்த ‘தி இன்கிரெடிபிள் ஜாஸ் கிட்டார் ஆஃப் வெஸ் மாண்ட்கோமரி’யைத் தேடிக் கேளுங்கள். ஒற்றைச் சுரங்களில் தொடங்கி, ஆக்டேவுக்குப் போய், கார்டுகளில் முடிப்பது அவர் சோலோக்களில் அடிக்கடி வரும் அமைப்பு. ஒரு சோலோ எப்படி வளர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

காதால் கற்பதற்கு இந்த ஒழுங்கைப் பின்பற்றுங்கள்:

1. முழு சோலோ வேண்டாம். நான்கு பார் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.
2. அதைச் சுருதி மாறாமல் பாதி வேகத்தில் ஓடவிட்டு, பாட வரும்வரை கேளுங்கள். கிட்டார் அதற்குப் பிறகுதான்.
3. பாடியதைக் கிட்டாரில் தேடுங்கள். எந்தக் கம்பியில் வாசித்தால் அதே தொனி வருகிறது என்றும் பாருங்கள்.
4. ஒவ்வொரு சுரமும் அப்போதைய கார்டுக்கு எத்தனையாவது சுரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் பீட்டில் நிற்பவற்றுக்கு அடிக்கோடிடுங்கள்.
5. அதே நான்கு பாரை வேறு இரண்டு சுருதிகளில் வாசியுங்கள்.
6. தாளத்தை வைத்துக்கொண்டு சுரங்களை மாற்றுங்கள். பிறகு சுரங்களை வைத்துக்கொண்டு தாளத்தை மாற்றுங்கள். ஆறாவது படியில்தான் அது உங்கள் மொழியாகிறது.

தொடக்கத்துக்குப் பொருத்தமான சில பதிவுகள்: டி-போன் வாக்கர் 1947-ல் பதிவு செய்த ‘கால் இட் ஸ்டார்மி மண்டே’, டியூக் எல்லிங்டனின் ‘சி ஜாம் புளூஸ்’, இதன் மெட்டில் வருவது இரண்டே சுரங்கள், மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பமான ‘கைண்ட் ஆஃப் புளூ’வில் உள்ள ‘ஃபிரெடி ஃபிரீலோடர்’, கென்னி பர்ரலின் 1963 ஆல்பமான ‘மிட்நைட் புளூ’. கிட்டார் இசையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஊதுவாத்தியக்காரர்கள் மூச்சு வாங்க நின்றாக வேண்டும். அவர்களைக் கேட்கும்போது, எங்கே நிறுத்துவது என்று கிட்டார்காரரின் கையும் கற்றுக்கொள்ளும். ஜார்ஜ் பென்சன் வாசிக்கும் சுரங்களைக் கூடவே பாடுவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். உங்கள் அறையில் நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். பாடிக்கொண்டே வாசித்தால் வாக்கியத்தின் நீளம் மூச்சுக்குள் அடங்கும்.

6. ஒரு நாளின் அரை மணி நேரம்

முதல் ஐந்து நிமிடம்: கார்டுகளின் மூன்றாம், ஏழாம் சுரங்களைப் பாடுவது.
அடுத்த பத்து நிமிடம்: பயிற்சி 3 அல்லது 5, மெதுவாக.
அடுத்த பத்து நிமிடம்: காதால் கற்கும் நான்கு பார்.
கடைசி ஐந்து நிமிடம்: பின்னணி இல்லாமல், மெட்ரோனோமோடு மட்டும் இரண்டு சுற்று சோலோ வாசித்துப் பதிவு செய்வது.

அந்தக் கடைசிப் பதிவை மறுநாள் கேளுங்கள். பின்னணியில் கார்டே இல்லாதபோதும் உங்கள் ஒற்றைச் சுரங்களைக் கொண்டே எங்கே கார்டு மாறியது என்று தெரிகிறதா? தெரிந்தால் அடுத்த சுருதிக்குப் போகலாம். தெரியாவிட்டால் வேகத்தைக் குறைத்து, சுரங்களின் எண்ணிக்கையையும் பாதியாகக் குறையுங்கள். சோலோ அலைகிறது என்று தோன்றும்போதெல்லாம் செய்ய வேண்டியது இதுவே. புதிய ஸ்கேலைத் தேடி ஓட வேண்டாம்.

மாதத்துக்கு ஒருமுறையாவது இன்னொருவரோடு சேர்ந்து வாசியுங்கள். நீங்கள் வாசிக்கும் அதே அளவுக்கு அவருக்குப் பின்னணி கொடுங்கள். கவுன்ட் பேஸியின் குழுவில் ஃபிரெடி கிரீன் 1937 முதல் அரை நூற்றாண்டு கிட்டார் வாசித்தார். சோலோ வாசித்தது மிக அபூர்வம். ஒவ்வொரு பாரிலும் நான்கு பீட்டுக்கும் கார்டைத் தட்டிக்கொண்டே, அந்தப் பெரிய குழுவின் தாளத்தைத் தாங்கினார். மற்றவர் சோலோவுக்கு அடியில் கார்டைச் சுத்தமாகப் பிடித்து, அவருடைய வாக்கியம் எங்கே முடிகிறது என்று காத்திருந்து கேட்பவருக்கு, தன் முறை வரும்போது சொல்ல ஏதாவது இருக்கும்.